துடக்கு மீன்

கூல்பொக்ஸுக்குள் கிடந்த மீன் மூடியை ஒரு இடி இடித்தது. என் புருஷன் சப்பாத்துக் காலைத் தூக்கி மூடியின்மேல் வைத்துவிட்டு, தனக்கும் அந்தப் பெட்டிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாத ஆள்போல ஏரியைப் பார்த்தார். பார்ப்பதற்கு அங்கே ஏரி இருக்கவில்லை. பனிமூட்டம் படகின் விளிம்புவரை வந்து நின்றது. துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டால் அதன் நுனி காணாமல் போனது. ஜனவரி மாதத்துக் குளிர் இருக்கைப் பலகைக்குள்ளால் ஏறி என் இடுப்புவரை வந்துவிட்டது. மூன்று சட்டைக்குமேல் அவருடைய பழைய ஜக்கெட், அதற்குமேல் உயிர்காப்பு அங்கி என்று நான் ஒரு பொதிபோலக் குந்தியிருந்தேன். எனக்கு நீந்தத் தெரியாது.

"இப்ப நாங்கள் எந்தப் பக்கத்திலை நிக்கிறம்?" என்று கேட்டேன்.

"பொறும்," என்றார்.

கலியாணம் கட்டிய நாள்தொட்டு எதற்கும் அவரிடம் இருக்கிற பதில் இதுதான். பொறுத்துப் பொறுத்துத்தான் நடு ஏரிக்கு வந்து சேர்ந்திருக்கிறோம்.

எந்த ஏரி என்று நான் சொல்லமாட்டேன். சொன்னால் மீன்பிடிச் சங்கத்துக்காரருக்கு ஆள் யாரென்று விளங்கிவிடும். சுவிஸில் மாகாணத்தைக் கன்டோன் என்பார்கள். ஏரியின் பாதி எங்கள் கன்டோனுக்கும் மற்றப் பாதி அடுத்த கன்டோனுக்கும் சொந்தம் என்று தெரிந்தால் போதும். நடுவில் ஒரு கோடு ஓடுகிறது. வரைபடத்தில்தான் ஓடுகிறது, தண்ணீரில் யாரும் கீறி வைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் இன்றைக்குத்தான் ஃபொரெல்லெ மீன் பிடிக்கத் திறந்திருக்கிறார்கள். மற்றப் பக்கத்தில் இன்னும் சில வாரங்களுக்குப் பூட்டு. இரண்டு கன்டோனுக்கும் மேலே பேர்ணில் மத்திய அரசு இருக்கிறது. மீன் ஆகக் குறைந்தது எவ்வளவு நீளம் இருக்கவேண்டும், பிடித்தால் அதை என்ன செய்யவேண்டும் என்பதெல்லாம் பேர்ண் போட்ட சட்டம். கன்டோன் அதை இன்னும் இறுக்கலாம், தளர்த்த முடியாது. இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவர் மீன்பிடிப் பரீட்சைக்குப் படித்த காலத்தில் குசினியில் வெங்காயம் வெட்டியபடி கேள்வி கேட்டவள் நான்தான்.

என் புருஷன் தவச்செல்வன் மீன்பிடிக்காரர் இல்லை. அவருடைய தகப்பன் யாழ்ப்பாணம் கச்சேரியில் கிளாக்கர். மகனுக்குச் சந்தையில் வாங்கிய மீனைப் பையோடு தூக்கிவந்து பழக்கமே தவிர, துள்ளுகிற மீனைத் தொட்டதில்லை. சங்கத்தில் சேரப் போனபோது, தீவிலிருந்து வந்த தமிழர் என்றதும் அவர்கள் இவரைப் பிறவி மீனவர் என்று நினைத்து எழும்பிக் கைகொடுத்தார்களாம். இவரும் இல்லை என்று சொல்லவில்லை.

சங்கத்தில் சேர்ந்ததே பாஸ்போர்ட்டுக்காகத்தான். சில வருடங்களுக்கு முன் கெமைண்டேயில், எங்கள் ஊராட்சிக் கந்தோரில், எங்களைக் குடியுரிமை நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். கதவு திறக்குமுன் இவர் தொப்பியைக் கழற்றித் தலைமயிரைக் கையால் படிய வாரி, ஜக்கெட்டின் சிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு, படம் எடுக்கப்போகிற பிள்ளைபோல நிமிர்ந்து இருந்தார். உள்ளே எல்லாம் நன்றாகத்தான் போனது. பள்ளிக்கூடம் கன்டோனுடையது, இராணுவம் பேர்ணுடையது, குப்பைப் பை கெமைண்டேயுடையது என்று பாடமாக்கியதை ஒப்புவித்தார். கடைசியில் ஒரு பெண், "உங்கள் உள்ளூர் நண்பர்கள் யார்?" என்று சிரித்துக்கொண்டு கேட்டாள். இவர், "குகநாதன், மரியதாஸ்" என்று தொடங்கினார். மேசைக்குக் கீழே நான் காலால் உதைத்தேன். உதைத்ததும் "செல்வராணி அக்கா" என்று ஒரு பெண்ணையும் சேர்த்துக்கொண்டார். இந்த நாட்டு மக்களோடு போதிய அளவு கலக்கவில்லை, பிறகு வாருங்கள் என்று மரியாதையாக எழுதி அனுப்பினார்கள்.

எங்களிடம் இருப்பது அகதிப் பயணப் பத்திரம். மகள் மிதுஷா பள்ளிக்கூட வயதிலேயே தனியாக விண்ணப்பித்து சுவிஸ்காரி ஆகிவிட்டாள். இப்போது லண்டனில் புருஷனோடு இருக்கிறாள், வயிற்றில் பிள்ளை. எங்கள் பத்திரத்தைக் காட்டி நாங்கள் விசா கேட்க, இரண்டு முறையும் இல்லை என்றுவிட்டார்கள். மகளின் பேறுபார்க்கப் போகமுடியாத தாயாக நான் இருக்கிறேன். இதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வருவதில்லை, ஆத்திரம்தான் வருகிறது.

ரெஸ்டோரண்டில் இவரோடு சமைக்கிற பெரிய கோக்கிதான், ஒரு சங்கத்தில் சேர்ந்துகொள், அப்போதுதான் இங்கே உன்னை ஆள் என்று எண்ணுவார்கள் என்று சொல்லிக்கொடுத்தவன். எங்கள் ஊரில் பாட்டுச் சங்கம் இருந்தது, துவக்குச் சுடுகிற சங்கம் இருந்தது, மீன்பிடிச் சங்கம் இருந்தது. இவருக்குப் பாட்டு வராது. துவக்குக்குப் பயந்து ஓடிவந்த மனிசன் துவக்குச் சங்கத்தில் போய்ச் சேருவாரா? மீன்தான் மிஞ்சியது. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, போகப் போக மனிசனுக்கு அதில் உண்மையாகவே ஆசை வந்துவிட்டது. லீவு நாளில் மத்தியானம்வரை போர்வைக்குள் கிடந்தவர், விடியமுன் எழும்பித் தூண்டில் கொழுக்கிகளைத் துடைத்துக்கொண்டிருப்பார். முகத்தில் ஒரு களை வந்தது. அதைப் பார்க்க எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது.

வருகிற வியாழக்கிழமை இரண்டாவது நேர்முகம். அந்தக் குழுவில் இருக்கிற ஒருவர் இவருடைய சங்கத்திலும் இருக்கிறார். ஃபொரெல்லெ திறக்கிற நாளில் சங்கத்துப் படகை எடுப்பது பெரிய மதிப்பாம். முதலே பதிந்து வைத்திருந்தார். கூடப் போகவிருந்த சங்கத்து ஆள் ரேட்டோவுக்குக் காய்ச்சல். குளிர்காலத்தில் தனி ஆளாகப் படகு எடுக்கச் சங்கத்து விதி விடாது. அதனால்தான் நான் வந்தேன்.

இதற்கிடையில் கனடாவில் இவருடைய பெரியப்பா செத்துப்போனார்.

எங்கள் ஆட்களிடம் தகப்பன்வழிச் சொந்தத்தில் சாவு விழுந்தால் முப்பத்தொரு நாள் துடக்கு. கோயிலுக்குப் போவதில்லை, வீட்டில் மச்சம் மாமிசம் இல்லை. அந்தப் பெரியப்பா உயிரோடு இருந்தபோது இவர் ஒரு ஃபோன்கூட எடுத்ததில்லை. காணிப் பிரச்சினையில் ஏசித் திரிந்த ஆள். செத்ததும் பாசம் பொங்கிவிட்டது. மரக்கறியும் சோறும் தின்று, வெள்ளிக்கிழமை முகம் வைத்துக்கொண்டு திரிந்தார். அப்படியென்றால் மீன்பிடிக்க ஏன் போகிறீர்கள் என்று காலையில் காருக்குள் கேட்டேன்.

"பிடிக்கிறது வேறை, தின்னுறது வேறை. மீனை ரேட்டோ வீட்டை குடுப்பம்."

"பிடிச்ச உடனை அடிச்சுக் கொல்லவேணும் எண்டெல்லோ சட்டம்? ஆர் கொல்லுறது?"

"பொறும்," என்றார்.

மனிசன் ஒரு திட்டம் வைத்திருந்தார். மீனைக் கொல்லாமல் கூல்பொக்ஸில் ஏரித் தண்ணீர் நிரப்பி அதற்குள் விடுவது. கரைக்குப் போய் ரேட்டோவின் வீட்டு வாசலில் வைத்து அவனைக்கொண்டு அடிப்பிப்பது. துடக்குக் காலத்தில் தன் கையால் உயிர் போகவில்லை, மீனும் சங்கத்துக் கணக்கில் ஏறும். இப்படியொரு மூளை எங்கள் ஆட்களைத் தவிர வேறு எவருக்கும் வராது. அளவான மீனைத் தலையில் அடித்து அந்த இடத்திலேயே கொல்லாமல் உயிரோடு பெட்டியில் அடைத்துக்கொண்டு திரிவதற்கு பேர்ணில் வைத்திருக்கிற பெயர் மிருகவதை.

காலையில் வெயில் இருந்தது. படகுக்குப் பின்னால் தூண்டிலை இழுத்துக்கொண்டு மெதுவாகப் போனோம். தெர்மோஸில் கொண்டுவந்த இஞ்சித் தேத்தண்ணியை இரண்டு பேரும் குடித்தோம். மலைகள் துப்புரவாகத் தெரிந்தன. எனக்கே கொஞ்சம் பிடித்திருந்தது. அப்போதுதான் தடி வளைந்தது. இவர் "ஐயோ, ஐயோ" என்று கத்திக்கொண்டு எழும்பினார். படகு ஆடியது. நான் அவருடைய பெல்ட்டைப் பிடித்துக்கொண்டேன். மீன் எங்களை இழுத்ததா நாங்கள் அதை இழுத்தோமா என்று தெரியாது. வலைக்குள் ஏறியபோது அது என் முழங்கையிலிருந்து விரல்நுனி தாண்டியும் நீளமாக இருந்தது. வெள்ளிப் பக்கத்தில் கறுப்புப் புள்ளிகள், தாடையில் கொஞ்சம் இரத்தம். அவருடைய சீவியத்தில் இவ்வளவு பெரிய மீன் பிடித்ததில்லை. கண் கலங்கியிருந்தது அவருக்கு. பெட்டிக்குள் விட்டு, ஃபோனை எடுத்து ஒரு படம். அதை அந்தக் கையோடேயே சங்கத்து வட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பியும்விட்டார்.

அனுப்பியபிறகுதான் வரைபடத்தைத் திறந்தார். நீலப் புள்ளி கோட்டுக்கு மற்றப் பக்கத்தில் நின்றது. நான் எட்டிப் பார்க்க, அவர் என்னைப் பார்க்க, குளிரில் ஃபோன் செத்துப்போனது. என்னுடைய ஃபோன் காருக்குள் கைப்பையில். தலை நிமிர்த்தினால் மலைகளைக் காணவில்லை. மூட்டம் தண்ணீருக்குமேல் இறங்கி எங்களைச் சுற்றி மூடிக்கொண்டது.

சின்ன மின்சார மோட்டாரை முடுக்கினார். எங்கே போகிறோம் என்று தெரியாமல் கொஞ்சத் தூரம் ஓடி, பற்றரி இறங்குவதைக் கண்டு நிறுத்தினார். பிறகு துடுப்புப் போட்டார். சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் நின்றோமோ என்னவோ. ஞாயிற்றுக்கிழமை என்றபடியால் கோயில்மணி கேட்டது. அந்தப் பக்கம் போகலாம் என்று திரும்பினால் முதுகுப் பக்கத்திலிருந்தும் மணி கேட்டது. இரண்டு கரையிலும் கடவுளைக் கும்பிடுகிறார்கள், நாங்கள் நடுவில் நிற்கிறோம்.

"இஞ்சாருங்கோ, மீனை விடுங்கோ," என்றேன். "ஆரும் காணேல்லை."

"விடேலாது. கொழுக்கி ஆழமாக் குத்திப்போட்டுது. விட்டால் செத்து மிதக்கும். அளவான மீனை விடுறதும் பிழை. படமும் போட்டாச்சு. எங்கை மீன் எண்டு கேட்டால்?"

"அப்ப அடிச்சுக் கொல்லுங்கோ."

"இந்தப் பக்கத்திலை வைச்சோ? பூட்டுக் காலத்திலை கொன்றது எண்டு வரும். துடக்கும் கிடக்கு."

"அப்ப என்னதான் செய்யிறது?"

அவர் பொறும் என்று சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அவர் சொன்னதில் பிழை இல்லை. கொன்றால் இந்தக் கன்டோன் பிடிக்கும், வைத்திருந்தால் பேர்ண் பிடிக்கும், விட்டால் சங்கம் கேட்கும். தண்டக் காசைக் கட்டிவிடலாம். ஆனால் வழக்கு என்று ஒன்று எழுதி அது எங்கள் கோப்பில் ஏறினால், வியாழக்கிழமை அந்தக் கதவு திறக்காது. எங்களுக்குத் தெரிந்த சந்திரமதியின் புருஷனுக்குக் கார் வேகமாக ஓடியதற்கு ஒரு பதிவு விழுந்தது, அந்த மனிசன் இன்னும் காத்துக்கொண்டிருக்கிறார். பேரப்பிள்ளை பிறந்து, தவழ்ந்து, நடந்து, பள்ளிக்கூடம் போகும். நான் ஃபோன் கண்ணாடிக்குள்ளால் கொஞ்சிக்கொண்டிருக்கவேண்டியதுதான். ஒரு மீனுக்காக. அதுவும் நாங்கள் தின்னக்கூட முடியாத மீனுக்காக.

என்னுடைய கால்விரல்கள் எனக்குச் சொந்தமில்லாமல் போய்விட்டன. அவருடைய உதடு நீலமாக இருந்தது.

அப்போது மோட்டார் சத்தம் கேட்டது. பெரிய மோட்டார், மெதுவாக ஓடுகிறது. திறப்பு நாளில் மீன்பிடிக் கண்காணிப்பாளர் ஏரியைச் சுற்றி வருவார் என்று இவர் காலையில் சொல்லியிருந்தார். அந்தப் படகின் ஒலிபெருக்கியில் ஒரு ஆண்குரல் கேட்டது.

"ஹலோ? இஷ் எப்பர் தா?"

யாராவது இருக்கிறீர்களா என்று கேட்கிறது. இவர் விரலை வாயில் வைத்தார்.

நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். அதேநேரம் பெட்டிக்குள் மீன் துள்ளத் தொடங்கியது. மூடி படபடவென்று அடித்தது. காலை இன்னும் இறுக்கி மிதித்தார், பிளாஸ்டிக் கிறீச்சிட்டது. நான் அவர் காலைத் தள்ளிவிட்டு, மூடியைத் திறந்து, கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு இரண்டு கையையும் தண்ணீருக்குள் விட்டேன். குளிர் எலும்புவரை கடித்தது. மீனைத் தடவித் தடவிப் பிடித்து, பெட்டியின் அடியோடு அமர்த்தினேன். அதன் செவுள் என் உள்ளங்கைக்குள் திறந்து திறந்து மூடியது. எனக்கு அதன்மேல் இரக்கம் வந்தது. இரண்டு நிமிடத்துக்கு முன்வரை அதைச் சபித்துக்கொண்டிருந்தவள் நான்.

சத்தம் கிட்ட வந்தது. அந்தக் குரல் இன்னும் ஒருமுறை கூப்பிட்டது. பிறகு எங்களைத் தாண்டி, மெல்ல மெல்லத் தூரப் போனது.

"போயிட்டான்," என்று இவர் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். ஊஸ்டர் என்ற ஊரில் நாங்கள் முதலில் இருந்த வீடு. எங்கள் அகதி மனுவை முதல்தரம் நிராகரித்திருந்த காலம். வாசல்மணி அடித்தால் பொலிஸ்தான் என்று டீவியை நிற்பாட்டி, லைட்டை அணைத்து, மிதுஷாவின் வாயை நான் பொத்திக்கொண்டிருப்பேன். ஒரு நத்தார் காலத்தில் மணி இரண்டு முறை அடித்தது. மூன்று பேரும் குசினி நிலத்தில் குந்தியிருந்தோம். படியிறங்கும் சத்தம் கேட்டபிறகு இவர் இதேமாதிரித்தான் சிரித்தார். அடுத்தநாள் காலையில் கதவைத் திறந்தால், கால்மிதியில் ஒரு தட்டு நிறைய பிஸ்கட், சிவப்பு ரிபன் கட்டி. கீழ்வீட்டு மனிசி. தட்டைக் கழுவி அவள் கதவடியில் வைத்துவிட்டு வந்தேன். அதையும் மணி அடிக்காமல்தான் வைத்தேன். நன்றி சொல்லப் பயம். கதைத்தால் இவர்கள் உள்ளே இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடுமே. அதற்குப் பிறகு அந்த மனிசி வரவில்லை. இத்தனை வருடம் கழித்து ஒருத்தி சிரித்துக்கொண்டு கேட்கிறாள், உங்கள் உள்ளூர் நண்பர்கள் யார் என்று.

கோபமா, அழுகையா, குளிரா தெரியாது. போதும் என்று இருந்தது. பதுங்கினது போதும்.

"ஹலோ!" என்று கத்தினேன். "ஹலோ! ஹியர்!"

இவர் என் வாயைப் பொத்த எழும்பினார். படகு சரிந்தது. பயந்துபோய் மறுபடியும் குந்தினார்.

"உமக்கென்ன விசரோ? வியாழக்கிழமை…"

"நான் சாகப் போறன் இந்தக் குளிரிலை. எனக்கு என்ரை பிள்ளையைப் பார்க்கவேணும்."

"அதுக்குத்தானே நானும்…" என்றவர் முடிக்கவில்லை. அவர் பாவம். அவரும் அதற்காகத்தான் இந்தக் குளிருக்குள், இந்த மீனோடு, இந்தத் துடக்கோடு வந்தவர். அது எனக்கு விளங்கியது. ஆனாலும் கத்தினேன்.

"ஹியர்! ஹியர்! ஹில்ஃபெ!" இங்கே, உதவி.

தூரத்தில் மோட்டாரின் சத்தம் மாறியது. திரும்புகிறது. ஒரு மஞ்சள் வெளிச்சம் மூட்டத்துக்குள் கரைந்து கரைந்து தெரிந்தது, பிறகு இல்லை, பிறகு வேறு பக்கத்தில் தெரிந்தது.

"வீ ஃபில் சிந்த் இர்?" எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று அந்தக் குரல் கேட்டது. ஒலிபெருக்கி இல்லாமல் வெறும் வாயால் கேட்டது. நல்ல வயதான மனிசனின் குரல்.

இவர் என்னைப் பார்த்தார். கண்ணால் பெட்டியைக் காட்டினார். மூடியைப் போடு என்கிறார். மூடிவிட்டு அதற்குமேல் நான் குந்திக்கொண்டால், அந்தக் கிழவர் எங்களைக் கட்டி இழுத்துக்கொண்டுபோய்க் கரையில் விட்டுவிடவும் கூடும். ஒரு மனிசியை எழும்பு என்றா சொல்லப்போகிறார்? கை மரத்துவிட்டது. மீன் துள்ளவில்லை. செத்துவிட்டதோ என்று நினைத்தேன். அப்போது செவுள் இன்னுமொருமுறை என் கைக்குள் விரிந்தது.

"ஸ்வை!" என்று கத்தினேன். இரண்டு பேர்.

வெளிச்சம் கிட்ட வந்தது.

"உண்ட் ஐன் ஃபிஷ்!" ஒரு மீனும் என்றேன். அதற்குமேல் எனக்குத் தெரிந்த ஜெர்மனையெல்லாம் கூட்டிச் சேர்த்து, "எர் லேப்ட் நோஹ்!" என்றேன். இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

மோட்டாரை அணைத்துவிட்டார்கள். தண்ணீர் எங்கள் படகின் பக்கத்தில் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. என் புருஷன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். தலைமயிரைக் கையால் படிய வாரினார். ஜக்கெட்டின் சிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு, நிமிர்ந்து, வெளிச்சம் வருகிற பக்கமாகத் திரும்பி இருந்தார். நான் கையைத் தண்ணீருக்குள்ளிருந்து எடுக்கவில்லை.